ஒற்றை ரிங்

கும்மிடிப்பூண்டியில் பள்ளிக்கூட மணிக்கு ஊர் கட்டுப்படாது. சிப்காட் ஷிப்டுக்குத்தான் கட்டுப்படும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. இந்த மூன்று நேரத்தையும் அனுசரித்துத்தான் என் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி நேரம் குறிக்க முடிந்தது. இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து அண்ணன் சைக்கிளோடு வீடு திரும்பினால்தான் ஒருவன் மைதானத்துக்கு வருவான். அப்பா மதிய ஷிப்டுக்குப் போய்விட்டால் மாடு பிடித்துக் கட்டுகிற வேலை இன்னொருவன் தலையில் விழும். ஐந்து பேர் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். வருஷா வருஷம் தோற்றோம். சில வருஷம் முதல் ஆட்டத்திலேயே, சில வருஷம் இரண்டாவதில். அந்தத் தோல்விகளை எழுதி வைக்கவேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. அன்று எவையெல்லாம் எங்களைத் தோற்கடித்தனவோ, அவற்றில் பாதி இன்று விளையாட்டின் சட்டமாகவும் ஊரின் பெருமையாகவும் மாறி நிற்கின்றன. அது எப்படி நடந்தது என்று பார்த்தவன் நான்.

முதலில் அந்த ரிங்கைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் ஒரு பக்கம்தான் கம்பம் இருந்தது. அதில் பலகை உண்டு, ரிங் கிடையாது. ஊரைச் சுற்றி இத்தனை ரோலிங் மில், இத்தனை ஃபேப்ரிகேஷன் ஷெட். ஒரு ரிங்குக்காகச் சென்னைக்குப் போவதா என்று மாணவன் ஒருவனின் அப்பாவிடம் கேட்டேன். வெல்டர் அவர். அளவைத் தாளில் எழுதித் தரச்சொன்னார். உள்விட்டம் 45 சென்டிமீட்டர், கம்பி 16 முதல் 20 மில்லிமீட்டர் கனம், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், இரண்டாம் நாள் சைக்கிள் கேரியரில் ரிங்கோடு வந்தார். உருண்டைக் கம்பி, 20 மில்லிமீட்டர். முறுக்குக் கம்பி போட்டால் பந்து கிழிந்துவிடும் என்று அவராகவே யோசித்திருந்தார். இணைப்பைத் தேய்த்து விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாதபடி வழுவழுப்பாக்கியிருந்தார். வலை கொக்கிகளையும் அவரே பற்றவைத்திருந்தார். காசு வாங்கவில்லை. "பசங்க ஆடட்டும் சார்" என்றார்.

இரண்டாவது ரிங் மாட்டக் கம்பம் இல்லை, கம்பத்துக்குப் பணம் இல்லை. ஆகவே பல ஆண்டுகள் ஒற்றை ரிங்கில்தான் பயிற்சி. கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம். என் பையன்கள் அதில் பாதியைத்தான் அறிந்திருந்தார்கள். அந்தப் பாதிக்குள் அவர்களை யாரும் அசைக்க முடியாது. இருவருக்கு நடுவே பந்தைச் செருகுவார்கள், முதுகைக் கொடுத்து நின்று திரும்பி லே-அப் போடுவார்கள், தவறிய பந்தை உயரமில்லாமலே தாவி எடுப்பார்கள். போட்டிக்குப் போனால் முதல் பாதியில் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க மனசு நிறையும். இரண்டு புள்ளிக்கு எண்ணின் மேல் சாய்வுக்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கறுப்புப் புள்ளி, மூன்று புள்ளி போட்டவனின் எண்ணைச் சுற்றி வட்டம். எங்கள் பக்கத்துக் கோடுகளும் எதிரணிக் கோடுகளும் கிட்டத்தட்டச் சேர்ந்தே இறங்கிவரும். இரண்டாம் பாதியில் எங்கள் வரிசை நின்றுபோகும், அவர்களுடையது இறங்கிக்கொண்டே போகும். நீளத்தில் ஓடி ஓடி எதிராளியின் மூச்சை வாங்குவது என்ற பாடம் ஒற்றை ரிங்கில் கற்றுத்தர முடியாத பாடம். வெறும் மைதானத்தில் எத்தனை ஓட்டம் விட்டாலும், பந்தைப் பறிகொடுத்த நொடியில் திரும்பி ஓடும் பழக்கம் அதனால் வராது.

போட்டிக்குப் போவதே ஒரு போட்டி. 1997க்கு முன் நாங்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். திருவள்ளூர் தனி மாவட்டமானபோது பாதித் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். சொந்த மாவட்டத் தலைநகருக்கு நேர் ரயில் கிடையாது. கும்மிடிப்பூண்டி வடக்குத் தடம், திருவள்ளூர் மேற்குத் தடம். பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறவேண்டும். இல்லையென்றால் ஊத்துக்கோட்டை வழியாக பஸ். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கட்டுச்சோற்றோடு மின்சார ரயிலில் தொங்கி, ஒன்பது மணிக்கு வார்ம்-அப் செய்யும் பையன்கள் என்னுடையவர்கள். எதிரே அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகள் வேனில் வந்து ஷூ மாட்டுவார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. நன்றாக ஆடினார்கள். எங்கள் பசங்களுக்கு ஒரே ஒரு வசதி இருந்தது. எல்லைப்புறத்துப் பிள்ளைகள் ஆதலால் தெலுங்கு வரும். இடம் வலம் எல்லாம் தெலுங்கிலேயே கத்திக்கொள்வார்கள். நகரத்து அணிகள் குழம்பிப்போகும், ஐந்து நிமிஷத்துக்கு.

தோற்றுத் திரும்பும் ரயிலில் யாரும் பேசமாட்டார்கள். ஒருநாள் பொன்னேரி தாண்டும்வரை சத்தமே இல்லை. அப்போதுதான் அவர்களுக்கு நெய்ஸ்மித் கதையைச் சொன்னேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், மாடத்துக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக்கூடைகளை அடித்து இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னைக்கு உடற்கல்விக் கல்லூரியைக் கொண்டுவந்தார். இப்போது நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில்தான் நான் படித்தேன். நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1898 முதல் 1907 வரை அணிக்குப் பயிற்சி தந்தார். வெற்றி 55, தோல்வி 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவர்தான்.

"கண்டுபிடிச்சவரே தோத்தாரா சார்?" என்றான் ஒருவன்.

"ஆமாடா."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவருக்கு அம்பத்தஞ்சு இருக்கே சார்" என்றான்.

அதற்குமேல் ஆறுதல் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். மாஸ்கோவைப் பற்றி மட்டும் பின்னொரு நாள் சொன்னேன், ஆறுதலாக அல்ல. 1980 ஒலிம்பிக்கில் இந்தியக் கூடைப்பந்து அணி ஆடியது. இந்தியா ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது அந்த ஒருமுறைதான். பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடம் அது. ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். ஆனால் அந்த அணியின் அஜ்மீர் சிங் உலகத்தின் பெரிய அணிகளுக்கு எதிராக ஆட்டத்துக்கு ஆட்டம் இருபது புள்ளிக்குக் குறையாத சராசரியில் கூடை போட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அர்ஜுனா விருது வாங்கினார். தோற்கும் அணியில் இருந்துகொண்டே நன்றாக ஆட முடியும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அது வேறு, ஆறுதல் வேறு.

தோல்வியைக் குறைக்க எனக்கு ஒரே வழிதான் தென்பட்டது. ஆட்டத்தை மெதுவாக்குவது. அன்று 30 விநாடிச் சட்டம். பந்து கைக்கு வந்தபின் 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறியவேண்டும். பள்ளிப் போட்டிகளில் விநாடி காட்டும் பலகை எதுவும் கிடையாது. மேஜையில் ஒருவர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டிருப்பார். என் பையன்கள் 25, 26 விநாடி பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் எறிவார்கள். எதிரணிக்குப் பந்து கிடைக்கும் தடவைகள் குறையும். உயரமானவனின் உயரம் பந்து அவனிடம் வரும்போதுதான் வேலை செய்யும். இது நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, 208 சென்டிமீட்டர் உயர ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை இப்படித்தான் 19-18 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த மாதிரி ஆட்டங்களால்தான் 1954இல் அங்கே 24 விநாடிச் சட்டமே வந்தது.

அந்தத் தந்திரத்தால் எங்கள் தோல்வி வித்தியாசம் முப்பதிலிருந்து பத்துக்கும் எட்டுக்கும் இறங்கியது. ஒருமுறை மூன்று. அந்த மூன்று புள்ளித் தோல்வி நடந்த சாயங்காலம் பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் பையன்கள் ஜெயித்தவர்கள்போல நடந்தார்கள். அடுத்த வருஷம் ஜெயிக்கலாம் என்று நானும் நம்பினேன். 2000இல் சர்வதேசக் கூட்டமைப்பு 30ஐ 24ஆகக் குறைத்தது. இருபது நிமிஷத்து இரண்டு பாதிகளைப் பத்து நிமிஷத்து நான்கு கால்களாகப் பிரித்தது. அது பள்ளிப் போட்டிவரை இறங்கிவந்தபோது எங்கள் மெதுவாட்டம் முடிந்தது. வேகம் விளையாட்டுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெரியவனைச் சின்னவன் காத்திருந்து அயரவைக்க இருந்த இடமும் அந்த ஆறு விநாடிதான்.

இவ்வளவு சொன்னாலும், உண்மையான தோல்வி ஆடுகளத்தில் நடக்கவில்லை. மே மாதத்தில் நடந்தது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும். ஒரு பாடம் போனவன் டி.சி.கூட வாங்கமாட்டான், வராமலே நின்றுவிடுவான். தேறியவனிலும் சிலர் ஜூனில் வரமாட்டார்கள். தேடிப் போனால் வீட்டில் அம்மா இருப்பார். "கான்ட்ராக்ட்ல போறான் சார். தினக்கூலி கைக்கு வருது" என்பார். வயதைக் கூட்டி எழுதிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் ஆட்கள் அன்று இருந்தார்கள். எந்த மில், எந்த ஏஜென்ட் என்பது இப்போது வேண்டாம். பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி என்று போட்டி அமைப்பில் வரிசை இருக்கிறது. ஒரு பையனை ஏழாம் வகுப்பில் பிடித்து, பந்தைத் தட்டக் கற்றுக்கொடுத்து, பத்தாம் வகுப்பில் அவன் தலையை நிமிர்த்தி மைதானத்தைப் பார்த்து ஆடத் தொடங்கும்போது, அவன் போய்விடுவான். அடுத்த வருஷம் மறுபடி ஏழாம் வகுப்பு. இரண்டு சீசனுக்கு அதே ஐவரை நிறுத்திய நினைவு எனக்கு இல்லை.

அமெரிக்காவில் கால்டெக் என்ற பெரிய கல்வி நிறுவனத்தின் அணி, தன் லீகில் 1985 முதல் தொடர்ந்து 310 ஆட்டம் தோற்று, 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று வென்றது. செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன், கூடவே பொறாமையும் வந்தது. அந்தப் பையன்கள் தோற்றாலும் நான்கு வருஷம் இருந்தார்கள். படித்து முடித்தபின்தான் போனார்கள். பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

என் அணியில் ஆடியவர்களில் மிகச் சிறந்த கார்டு ஒருவன் இருந்தான். ஐந்தடி நாலு அங்குலம். பந்து அவன் கையில் இருந்தால் மற்ற நால்வருக்கும் தைரியம் வரும். பதினொன்றாம் வகுப்புப் பாதியில் மில்லுக்குப் போனான். ஃபர்னஸ் பக்கம், ஸ்கிராப் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருவான். விரல்களில் சூட்டுத் தழும்பு இருக்கும். ஃப்ரீ த்ரோ மட்டும் போட்டுவிட்டுப் போவான், ஓடமாட்டான். "கால் கடுக்குது சார்" என்பான். பதினாறு வயதுப் பையன் சொன்ன வார்த்தை அது.

இன்னொருவன் முகாம் பிள்ளை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன், கைநீளமானவன், பலகையிலிருந்து திரும்பும் பந்து அவனைத் தாண்டிப் போகாது. நாங்கள் நன்றாக ஆடிய ஒரு சீசனில், காலிறுதி நாள் முகாமில் தலை எண்ணும் நாளோடு வந்து விழுந்தது. குடும்பத்தின் உதவித்தொகை அந்தக் கணக்கில் இருக்கிறது. "நான் நிக்கணும் சேர்" என்றான். போ என்று நான்தான் சொன்னேன். அன்று தோற்றோம். அவன் வந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று எப்போதாவது யோசிப்பேன். அந்த யோசனையே அநியாயம் என்றும் படும்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சாயங்காலத்தில் பழைய மைதானத்துக்குப் போகிறேன்.

அங்கே இன்று இரண்டு ரிங், சிமென்ட் தளத்தின்மேல் பச்சையும் நீலமுமாகப் பூச்சு, நான்கு மூலையிலும் விளக்கு. பகுதியைச் சேர்ந்த ஆலை ஒன்று கட்டித் தந்தது. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தக் கணக்கில் வந்த தளம். அன்று ஆலைகள் என் ஆட்டக்காரர்களைத் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டன. இன்று ஆலை தளத்தைத் தருகிறது. நான் கசப்போடு சொல்லவில்லை. நல்ல தளம். வழுக்காது, மழை நின்ற அரைமணியில் காய்ந்துவிடும். திறப்பு விழாவில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அபாயகரமான தொழிலில் வைக்கக்கூடாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. வயதைக் கூட்டி எழுதுவது முன்னைப்போல நடப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தளத்தின் ஒரு பாதியில் பிள்ளைகள் மூவருக்கு மூவர் ஆடுகிறார்கள். ஒரே ரிங், பத்து நிமிஷம் அல்லது 21 புள்ளி, 12 விநாடிக்குள் எறிய வேண்டும். 3x3 என்ற இந்த ஆட்டம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகிவிட்டது. அதற்கு முன்பே, 2013இல் தோகாவில், ஆசிய 3x3 பட்டத்தை இந்தியப் பெண்கள் வென்றார்கள். முதல்முறை தொலைக்காட்சியில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். இடித்து நிற்பது, திரும்புவது, நெருக்கத்தில் பந்தைச் செருகுவது எல்லாம் எங்கள் பையன்கள் வேறு வழியில்லாமல் ஆடிய ஆட்டம். அந்த வெல்டர் செய்த ரிங்கின் கீழ் வளர்ந்த ஐவருக்கு இப்படி ஒரு போட்டி அன்று இருந்திருந்தால் மாவட்டத்தில் அவர்களை நிறுத்த ஆள் இருந்திருக்காது. இதை நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் முதல் பாதி ஸ்கோர் ஷீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

இன்று ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இது நான் எதிர்பார்க்காதது. என் காலத்தில் பெண்கள் அணிக்கு ஐந்து பேர் சேர்ந்ததில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்புவரை இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தபின் வீட்டில் சொல்லிப் புரியவைப்பது சுலபமாகிவிட்டது என்று அவர்களின் இப்போதைய பி.இ.டி. டீச்சர் சொல்கிறார். பையன்களுக்கு அதுபோன்ற தமிழ்ப் புதல்வன் 2024இல்தான் வந்தது. இந்த அணிப் பெண்களில் இருவரின் வீட்டு மொழி ஒடியா, ஒருத்தியின் வீட்டில் போஜ்புரி. அப்பாக்கள் ரோலிங் மில்லில். ஆடுகளத்தில் கத்துவது முழுக்க எங்கள் ஊர்த் தமிழில். சென்னையில் பிறந்து இந்திய அணித் தலைவியாகி 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையின் படத்தை நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள் ஒருத்தி. அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "இவங்க எவ்ளோ உயரம் தாத்தா?" என்று கேட்டாள். தன் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது.

அவர்களும் தோற்கிறார்கள். போன சீசனில் குறுவட்டம் தாண்டினார்கள், மாவட்டத்தில் தோற்றார்கள். ஆனால் அந்த அணியின் ஐவரில் நால்வர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள். என் காலத்தில் எனக்கு ஒருதரம்கூடக் கிடைக்காத கணக்கு இது. ஆகவே இவர்கள் ஜெயிப்பார்கள் என்று நம்புகிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. தளத்தைச் சுற்றிக் கம்பி வேலி, அதற்கு ஒரு பூட்டு. பூச்சு கெட்டுவிடும், வெளியாட்கள் வந்துவிடுவார்கள் என்று ஐந்தரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பெண்கள் வரும்போது மணி ஐந்தேகால். விளக்கு போடப்பட்ட தளத்தில் விளக்கெரிய ஆடியவர் யாரும் இல்லை. அன்று எங்களுக்கு விளக்கு கிடையாது, பூட்டும் கிடையாது. நிலா இருந்தால் ஏழரைவரை ஆடினோம்.

இதைப் பற்றிப் பேச அந்தப் பழைய கார்டு வந்தான். இப்போது ஐம்பதை நெருங்குகிறான், வேறொரு மில்லில் ஷிப்டு சூப்பர்வைசர். தளத்தின் வெளியே நின்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடுவதை வெகுநேரம் பார்த்தான்.

"நடுவுல நிக்கிற பொண்ணு பந்தப் பாத்து தட்டுது சார். தலைய நிமித்தச் சொல்லுங்க" என்றான்.

"நீயே சொல்லேன்" என்றேன்.

"சாவி ஒண்ணு என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க சார். காலை ஷிப்டு வாரத்துல ரெண்டு மணிக்கு முடிஞ்சிடும். நான் இருந்து பூட்டிட்டுப் போறேன். மத்த வாரத்துக்கு ஆள் போடுறேன். நம்ம செட்டு பசங்க நாலு பேரு இன்னும் ஊர்லதான் இருக்காங்க."

தலைமையாசிரியர் முடியாது என்று சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வேண்டும் என்றார், அது நியாயம்தான். மனுவை நான் எழுதினேன். அவனும் அந்த நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், பெண்களின் அம்மாக்களும் போட்டார்கள். ஒடியாவில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறுவட்டப் போட்டி அட்டவணை அதற்குள் வந்துவிடும். பெண்கள் இப்போதைக்குக் காலையில் ஆறரைக்கு வருகிறார்கள்.